சக்சாரிக்குப் போன கண்ணாடிமணிப் பட்டை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடது கையில் வெள்ளைச் சிப்பிமணிச் சரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இதை எழுதுகிறேன். எங்கள் ஜனங்களில் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவன் கிடையாது. ஒரே ஒருவன் சொல்லிப் பார்த்தானாம். அவன் நாக்கு மூன்று நாள் வீங்கிக் கிடந்து, நான்காம் நாள் அவன் சொன்ன பொய் அப்படியே நடந்துவிட்டதாம். ஆகவே நம்பி வாசிக்கலாம்.

என் பெயர் அத்தோன்வா. கரடிக் குலம். எங்கள் பூர்வகுடி ஊரான அக்வெசாஸ்னேயில் ஆற்றின் தென்கரையில் கடைசி வீடு என்னுடையது. நேர் எதிரே, தீவின் ஓரத்தில், ஓநாய்க் குலத்துச் சக்சாரியின் வீடு. என் சமையலறை ஜன்னலும் அவன் சமையலறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஆறு. ஆற்றுக்கு நடுவில் இரண்டு தேசங்களின் எல்லை. எங்களைக் கேட்டு யாரும் அதைப் போடவில்லை. காற்றில்லாத குளிர்காலக் காலைகளில் என் அடுப்புப் புகையும் அவன் அடுப்புப் புகையும் ஆற்றுக்கு மேலே சந்தித்துக்கொள்ளும். ஒருமுறை சுங்கக்காரர் ஒருவர் பாலத்தில் நின்று இரண்டையும் பிரித்து, இது அந்தப் பக்கத்துப் புகை, இது இந்தப் பக்கத்துப் புகை என்று நோட்டில் எழுதிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

புகை பேசிக்கொண்டது. நாங்கள் இருவரும் நான்கு வருஷமாகப் பேசவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் பேசினோம். நியூயார்க்கில் வானுயரக் கட்டடங்கள் கட்டுகிற வேலை; ஒரே உத்திரத்தின் இரண்டு முனையில் உட்கார்ந்து இரும்பு முடுக்கினோம். நான் ஒருதரம் நாற்பதாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறேன். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டதால் அடி படவில்லை. சக்சாரி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், கீழ போறதுதான் போற, எனக்கும் ஒரு காப்பி வாங்கிட்டு வா" என்றான். வாங்கிக்கொண்டு போனேன். அப்படி ஒரு சிநேகம்.

கெட்டது ஒரு திருகால். பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற திருகு. என்னுடையது. சக்சாரி இரவல் வாங்கிப் போய் மூன்று குளிர்காலம் ஆகியும் தரவில்லை. கேட்டால் "மீன் இன்னும் வரல" என்பான். வேறு வழியில்லாமல் நான் செத்துப்போனேன்.

என் அக்கா ஒன்வாரிதான் போன் செய்தாள். அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் மணி தைப்பவள். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும், ஆனால் போனில் மட்டும் சிரிக்கமாட்டாள். "தம்பி போயிட்டான், சக்சாரி. திருகோட பொதைக்கணும்னு கடைசி ஆசை" என்றாள்.

எங்கள் முறை இதுதான்: துக்கத்தில் இருப்பவர் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளக் கூடாது. கரடிக் குலத்தில் சாவு என்றால், நெருப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓநாய்க் குலத்தார் வரவேண்டும். வந்து மூன்று சொல் சொல்லவேண்டும். கண்ணைத் துடைக்கிறோம். காதைத் திறக்கிறோம். தொண்டையில் அடைத்திருப்பதை எடுக்கிறோம். அந்தப் பக்கத்து வாய்தான் சொல்லவேண்டும். அதுவரைக்கும் துக்கப்பட்டவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது, கேட்காது, பேசவராது.

சக்சாரி அரை மணியில் வந்தான். தோளில் திருகு, மூக்கு சிவந்திருந்தது. அக்கா எதிரில் முட்டிபோட்டு, மான்தோலால் அவள் கண்ணைத் துடைத்தான். காதைத் திறந்தான். தொண்டைக்கான சொல்லைச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். அப்போது நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "எனக்கும் கொஞ்சம் தண்ணி குடு மச்சான், ரொம்ப நேரமா நிக்கறேன்" என்றேன்.

அக்கா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. சக்சாரி சிரிக்கவில்லை. திருகைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்து வந்து பேசினான்தான். ஆனாலும் அந்தச் சொற்களை வீண்செலவு செய்யவைத்த கடன் ஒன்று நடுவில் நின்றது.

இரண்டு வருஷம் போயிற்று. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் போன் செய்தேன்.

"சக்சாரி, ஒன்வாரி அக்கா போயிட்டா."



"திருகு வேணும்னா நேரா கேளுடா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஓநாய்க் குலத்தில் மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். முறையாகத்தான் சொன்னார்கள். நான்தான் அங்கே இல்லை. சக்சாரி எப்படியும் வந்துவிடுவான் என்று பாலத்தின் முனையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மற்றவர்களின் கண் காது தொண்டை எல்லாம் முடிந்து, சோள சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்காக இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பத்தாம் நாள் விருந்தும் முடிந்தது. தன் குலத்தார் சொன்னதையும் என் விளையாட்டு என்றே நினைத்த சக்சாரிக்கு, பன்னிரண்டாம் நாள் மீன் வண்டிக்காரி செலினா சொல்லித்தான் விஷயம் நிஜம் என்று தெரிந்தது. அவனுக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம். எனக்கு அவனைக் கூப்பிட வெட்கம். அன்றிலிருந்து எனக்குப் பாதிக் காதுதான் கேட்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு அழுக்கு என்றார். டாக்டர் வெளியூர்க்காரர்.

போன குளிர்காலம் ஆற்றில் பனி பிடித்த அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். என் வாயை அவன் நம்பமாட்டான். போனை நம்பமாட்டான். மணியில் சொல்லி அனுப்பினால் நம்பியே ஆகவேண்டும். ஒரு பட்டை பின்னி அனுப்பினால், அவன் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஒரு குச்சியால் ஒதுக்கித் தள்ளலாம். தள்ளினால் விஷயம் முடிந்தது. ஏற்றுக்கொண்டால் பதில் சொல்ல வந்தாகவேண்டும். வந்து என் கண்ணைத் துடைக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது பெரிய சபையில் எடுத்து வாசிக்கிற பட்டை இல்லை. அவை சபை நெருப்பைக் காப்பவர்கள் கையில் பத்திரமாக இருக்கின்றன. இது சமையலறைப் பட்டை. சிப்பி மணியும் என்னிடம் ஒரு சரத்துக்கு மேல் இல்லை. அக்காவின் பிஸ்கட் டப்பாவில் கண்ணாடி மணிகள் இருந்தன. எங்கள் சிப்பியைப் பார்த்துக் கடல் தாண்டியிருந்த யாரோ கண்ணாடியில் செய்து, ஒரு காலத்தில் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனவை. குட்டைக் குழாய் மாதிரி இருக்கும். வெள்ளையும் கருநீலமும்.

ஹிக்கரி மரக் கழி ஒன்றை வளைத்து வில்லாக்கினேன். எட்டு மான்தோல் வாரைப் பாவாக இழுத்துக் கட்டினேன். வார் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட மரப்பட்டைத் துண்டு. எட்டு வார் என்றால் நடுவில் ஏழு இடம், ஏழு மணி. ஊசியில் ஏழு மணியைக் கோத்து, வாருக்கு அடியில் கொண்டுபோய், ஒவ்வொரு மணியும் இரண்டு வாருக்கு நடுவில் எழும்பும்படி விரலால் மேலே அழுத்தவேண்டும். பிறகு அதே ஏழு மணிக்குள் நூலை வாருக்கு மேலாகத் திருப்பி எடுக்கவேண்டும். அப்போதுதான் மணி அசையாது. ஒரு வரிசை முடிந்தது என்று அர்த்தம். முழுப் பட்டையும் முடியாமல் வில்லிலிருந்து அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் எல்லாம் உருண்டு ஓடிவிடும்.

படம் எளிது. கருநீல நிலம். இந்த முனையில் ஒரு வெள்ளைச் சதுரம், அது என் வீடு. அந்த முனையில் இன்னொன்று, அது அவன் வீடு. நடுவில் ஒரு வெள்ளைப் பாதை. மொத்தம் நூற்றிருபது வரிசை. என் விரலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வரிசை ஆகும்.

பட்டைக்குள் சொல்லைப் பேசித்தான் ஏற்றவேண்டும். பேசாத பட்டை வெறும் மணி. என் தவறு அங்கேதான் நடந்தது. சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதை முதல் வரிசையிலேயே சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அறுபது நாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. எதிரில் அந்த வில் மட்டும். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே பின்னினேன். சூப்பில் உப்பு கம்மி என்று பேசினேன். ரேடியோவில் ஹாக்கி கேட்டு, கோல் விட்டவனைத் திட்டினேன். முழங்காலைத் திட்டினேன். எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

ஒரு மத்தியானம் செலினா மீன் கொடுக்க வந்தாள். அவள் ஆமைக் குலத்துக்காரி. எங்கள் சண்டையில் அவளுக்குப் பங்கு இல்லை.

"என்ன அண்ணே, ஊசியும் கையுமா? கண்ணு தெரியுதா?"

"தெரியுது. நீ ரெண்டு பேரா தெரியற. ஆளுக்கொரு டீ போடுங்க."

அவள் குனிந்து வில்லைப் பார்த்தாள். "இது சிப்பி இல்லையே. கண்ணாடில்ல?"

"கண்ணாடிதான்."

"கண்ணாடில வார்த்தை தங்காதும்பாங்க."

"சிப்பில தங்கற வார்த்தை வெளிய தெரியாது. கண்ணாடில உள்ள இருக்கறது தெரியும். எனக்கு அதான் வேணும்."

"நீ பேசறது தெரியாம இருந்தாத்தானே ஊருக்கு நல்லது" என்றாள். பிறகு பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போய், அது நின்ற இடத்தில் நிறுத்தினாள். "யாருக்குன்னு நான் கேக்கல."

"கேக்காத."

"அவரும் இளைச்சுட்டாரு அண்ணே. மீன் வாங்கறாரு, சாப்பிடறதா தெரியல. பூனை குண்டா இருக்கு."

"உங்கிட்ட என்னப்பத்திக் கேட்டானா?"

"கேக்கல. ஆனா 'அந்தப் பக்கம் பனி எப்படி'ன்னு வாராவாரம் கேக்கறாரு. இந்தப் பக்கத்துப் பனிய வச்சு அவரு என்ன பண்ணப் போறாரு?" டீயைக் குடித்து முடித்தாள். "முடிச்சுட்டுச் சொல்லு. செவ்வாக்கிழமை வண்டி அங்கதான் போவுது."

முடித்தேன். மான்தோலில் சுற்றிச் செலினாவிடம் கொடுத்தேன். இனி வருவதில் பாதிக்கு நான் நேரில் இல்லை. செலினா சொன்னதுதான். செலினா மீனின் எடையில்கூடப் பொய் சொல்லமாட்டாள்.

பாலத்தில் சுங்கக்காரர் வண்டியை நிறுத்தினார். மூட்டையில் என்ன என்றார். செலினா வாயைத் திறப்பதற்குள் மூட்டை என் குரலில், "உப்பு கம்மி" என்றது.

சுங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வண்டியில இன்னொரு ஆள் இருக்காரா?"

"இல்லைங்க. மீன்தான்."

"முழங்கால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு" என்றது மூட்டை.

அவர் மூட்டையிடமே கேட்டுவிட்டார், எந்த ஊரில் பிறந்தாய், எத்தனை நாள் தங்கப்போகிறாய் என்று. மூட்டை அவருக்குப் பதிலாக, சனிக்கிழமை கோல் விட்டவனைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை முழுவதுமாகச் சொன்னது. அவரும் அதே ஆட்டத்தைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

சக்சாரி பட்டையை வாங்கி மடியில் விரித்தான். கையில் எடுத்தவுடன் அது முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தது.

"ஒன்வாரி அக்கா போயிட்டா மச்சான். அது பொய் இல்ல. நீ வரணும்."

"யாரு பேசறான்னு தெரியுது" என்றான் சக்சாரி. பட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்புக் குச்சியை எடுத்தான். ஒதுக்கித் தள்ளத்தான் எடுத்தான். செலினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு கம்மி" என்றது பட்டை.

"எதுல?" என்றான் சக்சாரி. இருபத்தாறு வருஷப் பழக்கம், தன்னையறியாமல் வந்துவிட்டது.

கேள்வி கேட்டவன் பதிலைக் கேட்டாகவேண்டும். குச்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். பட்டை மூன்று நாள் பேசியது. செலினாவும் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போனாள். அவன் டீ போட்டு அதன் பக்கத்திலும் ஒரு கோப்பை வைத்தான். பதினேழாவது வரிசையில், புரூக்ளினில் சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றியதை எல்லாம் ஒப்புக்கொண்டது. எனக்குத் தெரியும் என்றான். முப்பத்தொன்றில் கெட்ட வார்த்தை. நாற்பத்துநான்கில் இப்படிச் சொன்னது: "இன்னிக்கு உன் வீட்டுப் புகை லேட்டு. எழுந்தியா இல்லையா? உன் புகை வராம நான் அடுப்புப் பத்தவக்கறதில்ல, தெரியுமா உனக்கு?"

சக்சாரி எழுந்து போய் அடுப்பில் இரண்டு கட்டை அதிகமாகப் போட்டுவிட்டு வந்தான்.

அறுபதாவது வரிசை வந்தது. பாதையின் சரிபாதி. அதில் ஒன்றுமே இல்லை. சக்சாரி பட்டையைக் காதில் வைத்துப் பார்த்தான். லேசாக உதறிப் பார்த்தான். அந்த வரிசையைப் பின்னியது பிப்ரவரியில், அக்கா சாய்ந்த தேதியில். அன்று நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வரிசைதான் பின்னினேன், வாயைத் திறக்கவில்லை.

"கெட்டுப்போச்சா?" என்றாள் செலினா.

"இல்ல" என்றான் சக்சாரி. "வாய மூடிட்டிருக்கான். அவனுக்குப் பல்லு மொளச்சதுலேர்ந்து இதான் மொத தடவை."

மிச்சத்தை அவன் உட்கார்ந்து கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததை நானே பார்த்தேன். பாலத்தைச் சுற்றி வண்டியில் வந்திருக்கலாம். அவன் நேராகப் பனிமேல் நடந்து வந்தான். நடு ஆற்றில் பனியை நம்ப முடியாது. திருகால் பத்தடிக்கு ஒரு ஓட்டை போட்டுக் கனம் பார்த்துப் பார்த்து வந்தான். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு மீன் தலையை நீட்டி, இத்தனை வருஷம் கழித்தா என்பதுபோல் பார்த்தது. எல்லையில் மட்டும் அவன் நின்று காலைத் தட்டிவிட்டு வந்தான், மரியாதைக்காக.

கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. முதலில் கதவுக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. இன்னொரு தரம் பார்த்தான்.

பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மான்தோல் கொண்டுவர மறந்துவிட்டான். சட்டைக் கையை இழுத்துவிட்டு அதனாலேயே துடைத்தான். கண்ணைத் துடைக்கிறேன் என்றான். ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது. காதைத் திறக்கிறேன் என்றான். கெட்டில் கொதிப்பது கேட்டது, ஆற்றில் பனி முனகுவது கேட்டது, நான்கு வருஷமாக அந்தச் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தொண்டையில் அடைத்திருப்பதை எடுக்கிறேன் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். பேசப் பார்த்தேன். ஒரு பொய்கூட வரவில்லை.

அவன்தான் பேசினான். "சூப்பு இருக்கா?"

"இருக்கு. உப்பு கம்மி."

"தெரியும்" என்றான்.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அக்காவின் நாற்காலியில் உட்காரவில்லை, அதை மேஜைக்குக் கிட்டே நகர்த்தி மட்டும் வைத்தான். வெளிச்சம் போவதற்குள் கிளம்பினான். திருகைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, "மீன் வந்துருச்சு" என்றான். அவன் வீடு போய்ச் சேர்ந்து புகை எழும்பும்வரை நான் ஜன்னலிலேயே நின்றேன்.

பட்டை நூற்றுப்பதினெட்டாவது வரிசையோடு இதோ என் எதிரில் இன்னும் வில்லிலேயே கட்டியிருக்கிறது. மீதி இரண்டு வரிசைக்கு வேண்டிய பதினான்கு மணியும் டப்பாவில் இருக்கின்றன. நாக்கு லேசாக வீங்க ஆரம்பித்திருக்கிறது.